பக்கெட்டும் பொக்கேவும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல "சின்ன வயசுல பாத்த காமெடி இப்பவும் சிரிக்க வைக்குதா"ன்னு போற போக்குல ஒரு வரி கேட்டிருந்தேன். வந்த கடிதத்துலயும் மெயில்லயும் பாதிக்கு மேல பிரிட்டிஷ் சிட்காம் பத்தி, அதாங்க எபிசோட் எபிசோடா வர்ற டிவி காமெடி. அதனால இந்த தடவ முழுக்க அதையே பேசிடலாம்.

மேடம், நான் பேங்க்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். எண்பதுகள்ல ஒரு நண்பர் குடுத்த கேசட்ல ஃபால்டி டவர்ஸ் பாத்து வயிறு வலிக்க சிரிச்சிருக்கேன். போன மாசம் பிளஸ் ஒன் படிக்கிற பேரனப் பக்கத்துல உக்கார வச்சு போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷத்துல போன கையில எடுத்துட்டான். "எதுக்கு தாத்தா அந்தாளு எல்லார்ட்டயும் கத்திக்கிட்டே இருக்காரு"ன்னு கேட்டான். நல்ல காமெடிக்கும் எக்ஸ்பைரி டேட் இருக்கா?
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

சார், பேரன் சரியான கேள்விதான் கேட்டிருக்கான். அந்தாளு ஏன் கத்துறாருன்னு புரிஞ்சாத்தான் அது காமெடி, புரியலேன்னா அது பக்கத்து வீட்டு சண்ட மாதிரி இருக்கும், யாருக்குமே பாக்கப் பிடிக்காது.

பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிடறேன். ஃபால்டி டவர்ஸ்ங்கிறது ஒரு ஹோட்டல், அத நடத்தற ஓனர்தான் எப்பவும் கத்துற பேசில் ஃபால்டி. மொத்தமே 12 எபிசோட்தான், 1975-ல ஆறு, 1979-ல ஆறு. ஜான் க்ளீஸும் கானி பூத்தும் சேந்து எழுதினது. 1970-ல க்ளீஸும் மான்ட்டி பைத்தான்ங்கிற காமெடி குழுவுல இருந்த அவரோட கூட்டாளிங்களும் டார்க்கீங்கிற கடலோர ஊர்ல ஒரு ஹோட்டல்ல தங்கப் போயிருக்காங்க, அங்க ஓனர் வந்த கெஸ்டுங்கள நடத்தின விதத்தப் பாத்துதான் பேசில் ஃபால்டி உருவானான். 2000-ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அவங்க நாட்டு டிவி நிகழ்ச்சிகள்ல தலைசிறந்த நூறு எதுன்னு ஒரு லிஸ்ட் போட்டப்ப முதல் இடம் இதுக்குத்தான்.

பேசிலோட கோபத்துக்கு அடியில இருக்கறது முழுக்க பயம். பொண்டாட்டி சிபில்கிட்ட பயம், பெரிய மனுஷங்க நம்மள மதிக்கணுமேன்னு ஒரு தவிப்பு. முதல் எபிசோட்லயே பிரபுன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வருவான் பாருங்க, அவன் முன்னாடி அப்பிடியே குழைவான், சாதாரண கெஸ்ட் ஒருத்தர் வாயத் தொறந்தா எரிஞ்சு விழுவான், கடைசில அந்தப் பிரபு ஒரு ஃப்ராடுன்னு தெரியவரும். மேல இருக்கவன் காலப் பிடிச்சுக்கிட்டு கீழ இருக்கவன் தலையில குட்டுற ஆளு எந்த ஆபீஸ்ல இல்ல, எந்தக் கல்யாண மண்டபத்துல இல்ல? உங்களுக்கு டார்க்கீ எங்க இருக்குன்னே தெரியாமலும் சிரிப்பு வந்ததுக்குக் காரணம் அதுதான்.

அதனால நாடு தாண்டறது அப்பிடி ஒண்ணும் பெரிய விஷயம் இல்லேன்னு நான் நெனைக்கிறேன், சார். வேணும்னா கொஞ்சம் ஆல்டர் பண்ணிக்குவாங்க. மானுவெல்னு ஒரு வெயிட்டர் வருவானே, இங்கிலீஷ் சரியா வராம எல்லாத்துக்கும் "கே?"ம்பானே, ஸ்பானிஷ்ல "என்ன?"ன்னு அர்த்தம், அவன் பார்சிலோனாக்காரன். அதே சீரியல ஸ்பெயின்ல டப் பண்ணும்போது நம்மாள நாமளே எப்பிடிக் கேலி பண்றதுன்னு அவன இத்தாலிக்காரனா மாத்திட்டாங்க, ஸ்பெயின்லயே பார்சிலோனா இருக்கற கட்டலோனியா பகுதில போட்டப்ப மெக்சிகோக்காரன். ஆளோட ஊர் மாறிச்சு, சிரிப்பு மாறல. ஒவ்வொரு ஊருக்கும் கேலி பண்ண பக்கத்துல ஒரு ஊர் வேணும்போல.

தலைமுறை தாண்டறதுதான் கஷ்டம். உங்க பேரனுக்கு பார்சிலோனான்னா மெஸ்ஸி ஆடின டீம். 1975-ல அது பொழைப்பு தேடி கெளம்பி வர்றவனோட ஊர். "அவன் பார்சிலோனாக்காரன்"னு பேசில் மன்னிப்பு கேக்கற மாதிரி சொன்னதும் அன்னைக்கு ஹாலே சிரிக்கும், இன்னைக்கு பதினாறு வயசுப் பையனுக்கு அதுல என்ன இருக்குன்னு எப்பிடித் தெரியும்? அப்பறம் அந்தக் காலத்துல பிரிட்டன்ல மொத்தமே மூணு சேனல்தான், நாலாவது வந்ததே 1982-ல. ஊரே ஒரே ராத்திரி ஒரே ஜோக்குக்கு சிரிச்சுட்டு மறுநாள் ஆபீஸ்ல அதையே பேசிக்கும். உங்க பேரன் தனியா ஒரு சின்ன ஸ்க்ரீன்ல பாத்து வளந்தவன், பின்னாடி ஸ்டுடியோல ஜனங்க சிரிக்கிற சத்தம் வந்தாலே "என்னைய ஏன் சிரிக்கச் சொல்றாங்க"ன்னு ஒரு ஒவ்வாமை வந்துடும்.

இன்னொண்ணும் இருக்கு. 2020-ல ஜெர்மன்காரங்க வர்ற எபிசோட ஒரு ஸ்ட்ரீமிங் தளத்துலேருந்து கொஞ்ச நாளைக்கு எடுத்துட்டாங்க, அதுல வயசான மேஜர் ஒருத்தர் கறுப்பினத்தவங்களப் பத்தி கேவலமான வார்த்த சொல்லுவார், அதுக்காக. அப்பறம் எச்சரிக்கை வாசகம் ஒண்ணு சேத்து திரும்பப் போட்டாங்க. க்ளீஸ் கோவப்பட்டார், அந்த மேஜர நாங்க கேலிதானே பண்றோம்னார். அவர் சொன்னது நெசந்தான், ஆனா கேலி பண்றாங்கன்னு புரியறதுக்கே அந்தக் காலத்து மேஜர் மாதிரி ஆளுங்கள நேர்ல பாத்திருக்கணும். பாக்காத தலைமுறைக்கு அந்த வார்த்த மட்டுந்தான் காதுல விழும்.

உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். முதல் சீசன்ல "கூர்மே நைட்"னு ஒரு எபிசோட், அதப் போட்டுக் காட்டுங்க. சமையல்காரர் குடிச்சுட்டு விழுந்துட்டார், ஊர்ப் பெரிய மனுஷங்க விருந்துக்கு வந்து உக்காந்தாச்சு, வேற ரெஸ்டாரன்ட்லேருந்து வாத்துக்கறி எடுத்துட்டு வர பேசில் கார்ல ஓடுறான், நடுவழில கார் நின்னு போச்சு. கார்கிட்ட கெஞ்சுறான், திட்டுறான், மூணு எண்ணுறான், உனக்கு எத்தனை தடவ வார்னிங் குடுத்தேன்ங்கிறான், எறங்கி ஃப்ரேம விட்டே வெளிய ஓடுறான், ஒரு செகண்ட் காலி ரோடு, அப்பறம் ஒரு மரக்கெளைய ஒடிச்சுட்டு வந்து கார அடி அடின்னு அடிக்கிறான். வண்டி ஸ்டார்ட் ஆகாம அத ஒரு உதை விட்ட எவனுக்கும் அத வெளக்க வேண்டாம். கடைசில எப்பிடியோ வந்து மூடியத் தொறந்தா வாத்து இல்ல, ட்ரைஃபிள், அதாங்க நம்ம புட்டிங் மாதிரி. மூடுறான், தொறக்குறான், ரெண்டு கையையும் அதுக்குள்ள விட்டு வாத்தத் தேடுறான். அந்த எடத்துல பேரன் சிரிக்காம இருந்தா எனக்கு எழுதுங்க.

அக்கா, நான் சின்னனா இருக்கேக்க ரூபவாஹினில மைண்ட் யுவர் லாங்குவேஜ் போகும். எல்லாரும் சுத்தியிருந்து பாப்பம். அப்பா அந்த சீக்கியர் மாதிரிக் கையக் கூப்பி "ஆயிரம் மன்னிப்பு" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்ப என்ர மகள் அதப் பாத்திட்டு "அம்மா, இது இனவெறி, இதுக்கா சிரிச்சனீங்கள்?" எண்டு கேக்கிறாள். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. நாங்கள் பிழையாச் சிரிச்சிட்டமோ?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

இல்லம்மா, நீங்க பிழையா சிரிக்கல. உங்க மகளும் பிழையா கேக்கல. ரெண்டுமே எப்பிடி உண்மையாகும்னு நான் இந்த ஒரு வாரமா யோசிச்சிட்டிருந்தேன்.

அந்தத் தொடர் 1977 டிசம்பர் கடைசில ஆரம்பிச்சு 1979 வரைக்கும் 29 எபிசோட் வந்தது, வின்ஸ் பவல் உருவாக்கினது. லண்டன்ல ஒரு நைட் ஸ்கூல், பிரவுன்னு ஒரு வாத்தியார், உலகத்துல இருக்க எல்லா நாட்டுக்காரனும் இங்கிலீஷ் படிக்க அவர் கிளாஸ்ல. கூட்டமா பாத்தாங்க, இருந்தும் மைக்கேல் க்ரேட்னு அந்த டிவி கம்பெனியோட அதிகாரி இது மத்த இனத்தவங்கள கேலிச்சித்திரமா காட்டுதுன்னு நிறுத்திட்டார். அதாவது உங்க மக சொல்றத 1979-லயே ஒரு வெள்ளக்காரர் சொல்லி, அதுக்காக ஹிட்டா ஓடுன ஒண்ண நிறுத்தியும் இருக்கார். ஆனா அங்க நிறுத்தினது இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, நைஜீரியான்னு ஓடுச்சு. யாரக் கிண்டல் பண்றதா சொல்லி நிறுத்தினாங்களோ அவங்க வீட்டு ஹால்லதான் அது வாழ்ந்தது. 1993-ல தூர்தர்ஷன் மெட்ரோல பங்கஜ் கபூர் வாத்தியாரா வந்த ஜபான் சம்பால்கே இதோட ஹிந்தி வடிவந்தான், அதுல வெளியூர்க்காரங்க எல்லாம் ஹிந்தி படிக்க வருவாங்க.

உங்க அப்பா செஞ்சு காட்டின அந்த ரஞ்சீத் சிங்கா நடிச்ச ஆல்பர்ட் மோசஸ் எந்த ஊர் தெரியுமா? உங்க நாடுதான், கம்பளையில பொறந்தவர். பாகிஸ்தான்காரன் அலியா வந்த டினோ ஷஃபீக் டாக்காவுல பொறந்தவர், சீனப் பொண்ணா வந்த பிக்-சென் லிம் பினாங்கு, ஃபிரெஞ்சுக்காரியா வந்த ஃபிரான்ஸ்வாஸ் பாஸ்கால் மொரீஷியஸ். வெள்ளக்காரன் ஆண்ட ஊர்லேருந்து போன இத்தனை பேர் ஒரே கிளாஸ் ரூம்ல உக்காந்து வெள்ளக்காரன் எழுதின வசனத்தப் பேசி நடிச்சிருக்காங்க. அத நெனச்சா எனக்கு சந்தோஷமும் வருது, நெஞ்ச என்னமோ பண்ணவும் செய்யுது.

நீங்க ஏன் சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். நம்ம எல்லாருக்கும் இங்கிலீஷ்னா ஒரு நடுக்கம் இருந்தது, தப்பா பேசிட்டா மானம் போயிடுமோங்கிற நடுக்கம். அலி "எக்ஸ்க்யூஸ் மி"க்கு "ஸ்க்வீஸ் மி"ன்னு சொல்லிட்டு சிரிச்ச முகத்தோட உள்ள வருவான், தப்பா பேசியும் அவன் மானம் போகல, அடுத்த நாளும் கிளாஸுக்கு வர்றான். லண்டன்ல உக்காந்து பாத்தவன் பிரவுன் வாத்தியாரோட நாற்காலிலேருந்து பாத்தான், உங்க அப்பா ரஞ்சீத்தோட பெஞ்சுலேருந்து பாத்தார். உங்க மகளுக்கு இங்கிலீஷ் பயம் இல்லேன்னு நெனைக்கிறேன். அவ அந்தப் பெஞ்சுல உக்காந்ததே இல்ல, அதனால அவ கண்ணுக்கு நாற்காலில இருக்கவன் சிரிக்கிறதுதான் முதல்ல தெரியுது, அவ பாக்கறதும் அங்க இருக்கறதுதானே.

தொடர்ல கொறையே இல்லேன்னு சொல்ல மாட்டேன். சீனப் பொண்ணு கையில எப்பப் பாரு மாவோவோட சின்ன சிவப்புப் புத்தகம், இந்தியப் பொண்ணு ஜமீலா கையில எப்பவும் நிட்டிங், ஃபிரெஞ்சுக்காரின்னா வாத்தியார மயக்கணும், 29 எபிசோட் முழுக்க இதேதான். ஒரு நல்ல நடிகைக்கு ஒரு ஊசியும் நூலும் தவிர வேற எதையுமே குடுக்காம விட்டது எழுதினவங்களோட சோம்பேறித்தனம். அதவிட மோசமானது ஒண்ணு இருக்கு, இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்னு 1974-லேருந்து 81 வரை வந்தது, ரெண்டாம் உலகப் போர் நேரத்து இந்தியாவுல, பர்மாவுல நடக்கற கத. அதுல இந்தியரா வந்தது மைக்கேல் பேட்ஸ்ங்கிற வெள்ளக்காரர், மூஞ்சில பழுப்பு மை பூசிக்கிட்டு. அவர் ஜான்சியில பொறந்தவர்தான், மொழியும் தெரியும், ஆனாலும் அந்த மை மைதான். பிபிசி அத மறு ஒளிபரப்பே பண்றதில்ல, அதுல எனக்கு வருத்தமும் இல்ல.

மகளோட சேந்து குட்னஸ் க்ரேஷியஸ் மி பாருங்கம்மா. 1998-ல பிபிசி டூல வந்தது, மீரா சியாலும் சஞ்சீவ் பாஸ்கரும் அவங்க கூட்டாளிங்களும் பண்ணது. அதுல ஒரு காட்சி, பம்பாய்ல நாலஞ்சு பேர் தண்ணியப் போட்டுட்டு "வாங்கடா இங்கிலீஷ் சாப்பாடு சாப்பிடப் போலாம்"னு ஒரு ஹோட்டலுக்குப் போவாங்க, வெள்ளக்கார வெயிட்டர் பேர வாய்க்கு வந்தபடி சொல்லி, "உங்ககிட்ட இருக்கறதுலயே உப்பு சப்பில்லாத ஐட்டம் எது?"ம்பாங்க. லண்டன் கறி ஹவுஸ்ல, அதாங்க நம்மூர் சாப்பாடு போடற ஹோட்டல்ல, வெள்ளி ராத்திரி குடிச்சுட்டு வர்ற வெள்ளக்காரங்ககிட்ட நம்மாளுங்க பட்ட அத்தனையும் தலகீழா. அந்த அலியும் ஜமீலாவும் நெசமா இருந்திருந்தா அவங்க பிள்ளைங்க எழுதியிருக்கக் கூடியது இது. உங்க மக இதுக்கு சிரிப்பா, நீங்களும் சிரிப்பீங்க.

மேடம், எஸ் மினிஸ்டர் மாதிரி ஒண்ணத் தமிழ்ல எடுத்தா ஓடுமா? ஹிந்தில எடுத்தாங்கன்னு சொல்றாங்களே.
- ஒரு கல்லூரி மாணவர், கோவை

எடுத்தாங்க தம்பி. எஸ் மினிஸ்டர்ங்கிறது ஒரு மந்திரியும் அவரையே ஆட்டி வைக்கிற செயலாளரும் வர்ற காமெடி, அத 2001-ல ஸ்டார் பிளஸ்ல ஜி மந்திரிஜின்னு எடுத்தாங்க, ஃபரூக் ஷேக் மந்திரி, ஜெயந்த் க்ரிபலானி செயலாளர். தமிழ்லயும் ஓடும், அதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம செக்ரட்டேரியட்டோட ஃபைல், நோட், செயலாளர்னு மொத்த அமைப்பும் வெள்ளக்காரன் விட்டுட்டுப் போனது, அந்த ஜோக்குங்க பொறந்த வீடும் நம்ம வீடும் ஒரே ப்ளான்ல கட்டினது.

மூலத் தொடர் 1980-லேருந்து 84, அப்பறம் அந்த மந்திரி ஹாக்கரே பிரதமராகி 86-லேருந்து 88. ஆன்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் எழுதினாங்க. ஹாக்கர் எந்தக் கட்சின்னு கடைசி வரை சொல்லவே மாட்டாங்க, நாப்பது வருஷமாகியும் பழசாகாததுக்கு அது பெரிய காரணம், அன்னைக்கு நடந்த அரசியல தொட்டிருந்தா அடுத்த எலக்ஷனோட போயிருக்கும். ஒரு எபிசோட்ல புது ஆஸ்பத்திரி ஒண்ணு, ஐநூறு பேருக்கு மேல ஊழியர், பதினஞ்சு மாசமா வேல ஜரூரா நடக்குது, பேஷன்ட் மட்டும் ஒருத்தர் கூட இல்ல. மந்திரி பதறுறார், அவரோட செயலாளர் சர் ஹம்ஃப்ரி நிதானமா அது நாட்டுலயே ரொம்ப நல்லா நடக்கற ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணுங்கிறார். இத எந்த மொழில போட்டாலும் போதும், மார்கரெட் தாட்சருக்கே இந்தத் தொடர்னா உயிர், 1984-ல ஒரு விருது விழாவுல அந்த நடிகர்ங்களோட சேந்து மேடையில நடிச்சிருக்காங்க.

ஹம்ஃப்ரி ஒரே மூச்சுல ஒரு நிமிஷம் பேசுவாரே, அந்த வாக்கியங்கள மட்டும் வார்த்தைக்கு வார்த்த பெயர்க்காதீங்க. அதுக்குத் தமிழ்ல ஏற்கனவே ஒரு மொழி தயாரா இருக்கு, "மேற்படி பொருள் தொடர்பாக பார்வை ஒன்றில் காணும் கடிதத்தின் மீது உரிய நடவடிக்கை மேற்கொள்வது குறித்து பரிசீலனையில் உள்ளது"ன்னு வர்ற கடித மொழி. அத ஒரு நல்ல நடிகர் நல்ல உச்சரிப்போட, முகத்துல ஒரு சலனமும் இல்லாம பேசட்டும், தியேட்டரே அதிரும். நீங்களே எழுதிப் பாருங்களேன்.

பிரிட்டிஷ் காமெடிய பிரிட்டிஷ்காரங்களவிட வெளிநாட்டுக்காரங்க அதிகமா கொண்டாடுறது உண்டா?
- ஒரு வாசகர், ஈரோடு

ஜெர்மனியப் பாருங்க. டின்னர் ஃபார் ஒன்னு ஒரு குட்டி நாடகம், 1963-ல ஹாம்பர்க் டிவிக்காரங்க இங்கிலீஷ்லயே பதிவு பண்ணது. தொண்ணூறு வயசு சீமாட்டி, செத்துப்போன நாலு நண்பர்களுக்கும் நாற்காலி போட்டு விருந்து, அவங்க நாலு பேர் பங்கையும் பட்லர் ஜேம்ஸே குடிச்சு தள்ளாடுவார். ஒவ்வொரு டிசம்பர் 31-ம் தேதியும் ஜெர்மனி முழுக்க அதத்தான் பாக்கறாங்க. பிரிட்டன் டிவில அது முதல் தடவையா வந்ததே 2018-ல! அதே மாதிரி ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ், லண்டன் தெருவுல சூட்கேஸ்ல சாமான் விக்கிற டெல் பாய், "அடுத்த வருஷம் இந்நேரம் நாம கோடீஸ்வரன்"ம்பான், அவனுக்கு செர்பியா, குரோஷியா பக்கம் இன்னைக்கும் அவ்வளவு ரசிகர்ங்க. பொருளாதாரத் தடை, போர்னு தெருவுல வித்துப் பொழச்ச ஜனம் அவன சொந்தக்காரனா பாத்திருக்கு.

அக்கா, உங்களுக்குப் பிடிச்சது எது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

கீப்பிங் அப் அப்பியரன்சஸ்மா, யோசிக்காம சொல்லுவேன். 1990-லேருந்து 95 வரை வந்தது, ராய் க்ளார்க் எழுதி பேட்ரிசியா ரூட்லெட்ஜ் நடிச்சது. ஹையசிந்த்னு ஒரு அம்மா, புருஷன் ரிச்சர்டோட குடும்பப் பேரு பக்கெட். இந்தம்மா மட்டும் "பக்கெட் இல்ல, பொக்கே"ன்னு ஊர் பூரா திருத்திக்கிட்டே இருப்பாங்க. இத மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்ல, நம்ம பாத்ரூம்ல இருக்கறதும் பக்கெட்டுதான், கல்யாணத்துல குடுக்கறதும் பொக்கேதான்!

எங்கம்மா எட்டாங்கிளாஸ் வரைதான் படிச்சவங்க, இங்கிலீஷ் தெரியாது. ஒரு லீவுக்கு நான் பாத்துட்டிருந்தப்ப பக்கத்துல வந்து உக்காந்தாங்க, எங்கக்கா பொண்ணும் இருந்தா, அவளுக்கு பதினாலு வயசு. ஹையசிந்த் பக்கத்து வீட்டு எலிசபெத்த காப்பிக்குக் கூப்புடுவாங்க, கையால பூ வரைஞ்ச பீங்கான் கப், பாத்து பாத்துன்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பொண்ணுக்கு கை நடுங்கி காப்பி சிந்தும். அம்மாவுக்கு சிரிப்பு தாங்கல. எங்க வீட்டு ஷோகேஸ்லயும் ஆறு கப் உண்டு, பூப்போட்டது, விருந்தாளி வந்தாத்தான் வெளிய வரும், தொடச்சு வச்சு தொடச்சு வச்சு தங்க ஓரமே தேஞ்சு போச்சு. "இவ நம்ம எதுத்த வீட்டு மாமியேதான்"னாங்க அம்மா, அப்பறம் கொஞ்சம் பொறுத்து "நானுந்தான்"னாங்க. ஏழை தங்கச்சி வீட்டு மாப்பிள ஆன்ஸ்லோ பனியனோட, பட்டாசு மாதிரி வெடிக்கிற கார்ல வந்து எறங்கறப்ப ஹையசிந்த் புதர் பின்னாடி ஒளியப் பாக்கறதும் அம்மாவுக்கு அப்பிடியே புரிஞ்சுது.

அக்கா பொண்ணு கப்புக்கு சிரிக்கல. அவ ரிச்சர்டயே பாத்துட்டிருந்தா. "சித்தி, அந்த அங்கிள் ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்குறாரு? பாவமா இருக்கே"ன்னா. நான் அத்தன தடவ பாத்தும் அந்த மனுஷன் முகத்த ஒரு தடவ கூட ஒழுங்கா பாக்கலேன்னு அப்பதான் தெரிஞ்சுது. திரும்ப முதல்லேருந்து போட்டோம். இந்த தடவ மூணு பேரும் ரிச்சர்டப் பாத்தோம்.